தலைவர் மேடு

எதர்லி தோட்டத்தில் பதவிக்கு வருவது ஒன்றும் பெரிய காரியமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று இருக்க வேண்டும். மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தர மனம் வரக்கூடாது. இந்தத் தகுதிகள் பொருந்திய ஏழு பேர் எங்கள் தோட்டத்தில் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்து ‘எதர்லி தோட்டக் குடியிருப்போர் சாலைப் பாதுகாப்பு, நல்வாழ்வு, ஒற்றுமைக் குழு’ என்று ஒன்றை அமைத்தார்கள். பெயர்ப் பலகை எழுத வந்தவன் இடம் போதவில்லை என்றதும் ஒற்றுமையை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

குழு பிறந்ததற்குக் காரணம் ஒரு சேவல். தம்பின் பட்டணத்துக்குப் போகும் பெரிய சாலையிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு வரும் பாதை ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். அந்தப் பாதையில் பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று புவனேஸ்வரன் ஆசையாக வளர்த்த சேவலை நசுக்கிவிட்டுப் போய்விட்டது. அதுவரை அவர் சும்மா புவனேஸ்வரன்தான். சேவல் செத்த பிறகு துணைத் தலைவர் ஆனார். தலைவர் பதவி கனகசுந்தரத்துக்குப் போனது. அவருடைய பாட்டனார் இதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். இவர் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மீன்கடையில் வரிசையில் நின்றாலும் மேடையில் நிற்பது போலத்தான் நிற்பார்.

லோரிகளின் வேகத்தைக் குறைக்க வேகத்தடை மேடு ஒன்று போடுவதென்று முதல் கூட்டத்தில் முடிவாயிற்று. நாங்கள் போங்கோல் என்று சொல்வது அதைத்தான். ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்றுக்கு யார் பெயரை வைப்பது? தலைவர் பெயர் என்றதும் துணைத் தலைவர் முகம் சுருங்கியது. செத்தது அவருடைய சேவல். பல கூட்டங்களும் நிறைய தேநீரும் செலவான பிறகு, ஏழு பேருக்கும் ஆளுக்கொரு மேடு என்று சமாதானம் ஆனது.

அடுத்த சிக்கல் உயரம். சாதாரண உறுப்பினரின் மேடும் தலைவரின் மேடும் ஒரே உயரத்தில் இருந்தால் பதவிக்கு என்ன மரியாதை? ஆகவே குடியிருப்புப் பக்கம் இருக்கும் முதல் மேடு மூன்று விரல் உயரம். அங்கிருந்து பதவி ஏற ஏற மேடும் ஏறியது. கடைசியில் பெரிய சாலையைத் தொடும் இடத்தில் தலைவர் மேடு. அது ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பட்டை, பெயர்க்கல், திறப்பு விழா, பலகாரப் பொட்டலம்.

லோரிகள் இவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. அதே வேகத்தில் வந்து, எகிறிக் குதித்து, குலைகளில் ஒன்றிரண்டைச் சாலையில் உதிர்த்துவிட்டுப் போயின. ‘குலைகள் விழுவதே மேடு வேலை செய்வதற்கு அத்தாட்சி’ என்று செயலாளர் ஜீவானந்தன் கூட்டக் குறிப்பில் எழுதினார். அந்த மேடுகள் உண்மையாகவே தடுத்து நிறுத்தியது ஒரே ஒரு வண்டியைத்தான். அது எங்கள் ஹரோல்ட் அண்ணனின் கார்.

ஹரோல்ட் அண்ணன் நீலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை அவரிடமும் உண்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு. ஆனால் மைக் பிடித்ததில்லை. அவர் மனைவி மரியகொரெட்டி. எங்களுக்குக் கொரெட்டி அக்கா. சிற்றாலயத்தில் பாட்டெடுத்துக் கொடுப்பது அக்காதான். குரல் அப்படி இருக்கும். சர்க்கரை நோய் முதலில் அக்காவின் வலது காலை எடுத்தது. பிறகு சிறுநீரகத்தையும் கெடுத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தம்பினில் உள்ள டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் உயிர். அங்கே இயந்திரம் குறித்த நேரத்துக்கு ஒருவர். தாமதமாகப் போனால் போனது போனதுதான். அடுத்த நோயாளி வெளியே காத்திருப்பார்.

கார் ஏழு பேர் உட்காரும் உயரமான வண்டி, பழையது. சக்கர நாற்காலியிலிருந்து அக்காவை அதன் முன் இருக்கைக்கு ஏற்றுவது மாடிக்கு அரிசி மூட்டை ஏற்றுவது மாதிரி. ஜொகூரில் வேலை செய்யும் மகன் ராய்ஸ்டன் ஒரு லீவுக்கு வந்தபோது அப்பா மூச்சிரைக்க அம்மாவைத் தூக்குவதைப் பார்த்தான். மறுநாளே காரைத் தம்பினில் இருக்கும் சசிதரன் கடைக்குக் கொண்டுபோனான்.

சசிதரன் டயர் மாற்றுவது, சக்கரங்களை நேராக்கும் அலைன்மெண்ட் போன்ற வேலைகள் செய்பவன். காருக்கு ‘ஹை-லோ’ போட்டுவிட்டான். சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையம் ஒன்று இருக்கும். கொக்கி வைத்த ஸ்பானாவால் அதை ஒரு பக்கம் திருகினால் கார் இறங்கும், மறுபக்கம் திருகினால் ஏறும். இளவட்டங்கள் ஸ்டைலுக்குப் போடுகிற சாமான். ராய்ஸ்டன் அதை வைத்து, காரின் இருக்கை சக்கர நாற்காலிக்குச் சரிமட்டமாக வரும்வரை இறக்கச் சொன்னான். இரண்டுக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகை. அக்கா அதில் உட்கார்ந்து நகர்ந்து காருக்குள் போய்விடுவார்.

“எல்லாரும் சாமிக்கு முன்னால மண்டி போடுவாங்க. என் புள்ள எனக்கு முன்னால காரையே மண்டி போட வச்சிட்டான்” என்று அக்கா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

சசிதரன் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தான். “ஒயரத்தத் தொட்டா அலைன்மெண்ட் போயிரும் அங்கிள். ரெண்டும் புருசன் பொண்டாட்டி மாதிரிலா. ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு மொகத்தத் திருப்பிக்கும். மிசின்ல வச்சு இந்த ஒயரத்துக்கு நேராக்கி இருக்கேன். சும்மா சும்மா கைய வைக்காதீங்க.”

காரைப் பார்த்த ஊர், வயசான காலத்தில் ஹரோல்டுக்கு ஸ்டைல் கேட்கிறது என்று பேசியது. அண்ணன், அதுவரை திறந்திருந்த ஆறு மேடுகளிலும் காரைக் கோணலாக விட்டு, அடி உரச உரச, எப்படியோ தாண்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மேட்டிலும் அவருடைய இடது கை தானாக எழுந்து அக்காவின் மார்புக்கு முன்னால் குறுக்கே நிற்கும்.

“பெல்ட்டு போட்டிருக்கேன்லா ராய்ஸ்டன்ப்பா. கைய எடுங்க” என்பார் அக்கா. கை எடுபடும். அடுத்த மேட்டில் மறுபடியும் எழும்.

தலைவர் மேட்டின் திறப்பு விழா அக்காவுக்கு டயாலிசிஸ் இருந்த ஒரு காலையில் நடந்தது. சாலைக்குக் குறுக்கே பந்தல், ரிப்பன், குத்துவிளக்கு. அண்ணன் காரை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, “ஐயா, அவுங்களுக்கு நேரமாச்சுங்க. கொஞ்சம் வழி விட்டீங்கன்னா” என்றார்.

கனகசுந்தரத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. திறந்த மேட்டைத் தாண்ட முதல் வண்டி வேண்டுமென்று அவரும் தேடிக்கொண்டிருந்தார். யாரோ காரின் முகப்பில் மாலை போட்டார்கள். ரிப்பன் வெட்டுப்பட்டது. நாதஸ்வரம் ஸ்பீக்கரில் ஒலித்தது. அண்ணன் காரைக் கோணலாக விடப் பார்த்தார். பந்தல் கால் இடித்தது. நேராக ஏற்றினார். முன்சக்கரங்கள் தாண்டின. கிரீச்சென்று சத்தம் கேட்டது. காரின் வயிறு மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

தலைவர் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார். “சபையோரே, பார்த்தீர்களா? திறந்த முதல் நிமிடத்திலேயே மேடு தன் கடமையைச் செய்துவிட்டது. மற்ற ஊர்களிலும் மேடு கட்டுகிறார்கள். வாகனங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. நாம் கட்டிய மேடு அப்படிப்பட்டதல்ல.”

கூட்டம் கைதட்டியது. பலகாரம் இன்னும் கொடுக்கவில்லை என்பதால் நன்றாகவே தட்டியது.

கார்க் கண்ணாடி வழியாக அக்கா சொன்னது எங்களுக்கும் கேட்டது. “ராய்ஸ்டன்ப்பா, அந்த மாலையயாவது எடுத்திருங்க. செத்த வண்டி மாதிரி இருக்கு.”

பந்தல்காரர்கள் வந்து காரைத் தூக்கி நகர்த்தினார்கள். அன்றைக்கு அக்காவுக்குக் கிடைத்தது பாதி நேரச் சுத்திகரிப்புதான்.

அண்ணன் குழுவிடம் முறையிடப் போனார். பொதுமண்டபத்தில் கூட்டம். தலைவர் மேட்டை இரண்டு விரல் குறைத்தால் போதும், மற்றதை எப்படியாவது சமாளித்துக்கொள்வேன் என்று பணிவாகத்தான் கேட்டார்.

“எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல” என்று துணைத் தலைவர் புவனேஸ்வரன் முந்திக்கொண்டார். “ரெண்டு விரல் கொறைச்சா தலைவரோட மேடு என் மேட்டுக்குச் சமமாத்தான் வரும். வரட்டுமே.”

தலைவரின் முகம் கறுத்தது. அப்படியானால் எல்லா மேட்டையும் இரண்டிரண்டு விரல் குறைக்க வேண்டும் என்று ஒருவர் யோசனை சொன்னார். கடைசி உறுப்பினர் பதறி எழுந்தார். “ஆளாளுக்குக் கொறைச்சுக்கிட்டே வந்தா என் மேட்டுல என்னாங்க மிஞ்சும்? நாளைக்கு இன்னொருத்தன் வந்து இன்னும் கொஞ்சம் கொறைங்கன்னா எனக்குப் பள்ளம்தான்லா.” அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகச் சபை ஏற்றது.

கடைசியில் தலைவர் எழுந்தார். “மேடு அசையாச் சொத்து. கார் அசையும் சொத்து. அசையாததை அசைக்கச் சொல்வதும், அசைவதை அப்படியே விட்டுவிடு என்பதும் எந்த ஊர் நியாயம்? திரு. ஹரோல்ட் அவர்கள் காரை ஏற்றிக்கொள்ளட்டும்.”

“ஏத்துனா கொரெட்டியால உள்ள ஏற முடியாதுங்கய்யா.”

“குடும்ப விஷயங்களைச் சபையில் பேசுவது மரபில்லை” என்றார் தலைவர்.

அத்தோடு ‘வாகன உயர ஒழுங்குத் துணைக்குழு’ ஒன்றும் அமைந்தது. தலைவர் மேட்டின் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, அதற்கும் மஞ்சள் பட்டை அடித்து, ஹரோல்ட் அண்ணன் காருக்கு அடியில் விட்டுப் பார்ப்பது அதன் பணி. கட்டை உரசாமல் போனால் அவர் போகலாம். லோரிகளுக்கு இந்தச் சோதனை இல்லை. கட்டையோடு போய் நின்றால் லோரி நிற்காது என்று துணைக்குழுவுக்கே தெரிந்திருந்தது.

அண்ணன் சசிதரனிடம் போய்க் காரை ஏற்றிவிட்டு, அந்த உயரத்துக்கு அலைன்மெண்டும் செய்துகொண்டு வந்தார். கட்டை உரசவில்லை. துணைக்குழு வாழ்த்தியது. ஆனால் வீட்டு வாசலில் பலகை ஏணி மாதிரி சாய்ந்து நின்றது. அக்கா பாதி ஏறி, வழுக்கி நாற்காலிக்கே திரும்பி வந்தார். மறுபடி ஏறினார். மறுபடி வழுக்கினார். அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டதில் அண்ணனின் முதுகு பிடித்துக்கொண்டது.

பிறகு அண்ணனுக்கே ஒரு வழி தோன்றியது. செங்கல், சிமெண்டு வாங்கி வந்து வாசலில் கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு திட்டு கட்டினார், சரிவும் வைத்து. நாற்காலியை அதன்மேல் உருட்டி ஏற்றினால் ஏற்றிய காரும் சரிமட்டம். அக்கா அதன்மேல் அமர்ந்து வேலியோரம் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். “எனக்கும் ஒரு மேடு வந்துருச்சு. நானும் செயலவை உறுப்பினர்தான்” என்றார். அந்த விளையாட்டுப் பேச்சு குழுவின் காதுக்குப் போனது.

அடுத்த வாரம் கடப்பாரையோடு வந்தார்கள். முதலில் அளந்தார்கள். புவனேஸ்வரன் இரண்டு தரம் அளந்துவிட்டு மெல்லிய குரலில், “தலைவர் மேட்டவிட ஒசரமா இருக்கு” என்றார். திட்டின் சரிவு சாலையோரத்தில் ஒரு முழம் வெளியே வந்திருந்தது என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

ஜீவானந்தன் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “தோட்டச் சாலையில் மேடு எழுப்பும் உரிமை குழுவுக்கு மட்டுமே உண்டு. பொறுப்பில் இல்லாத ஒருவர் மேடு எழுப்புவது, பொறுப்பில் உள்ளவர்களின் மேடுகளுக்கு இழுக்கு.”

“இது போங்கோல் இல்லீங்க. இவுங்க ஏறுறதுக்கு ஒரு படி. அவ்வளவுதான்” என்றார் அண்ணன்.

“படின்னு விட்டா யாரு வேணும்னாலும் ஏறிருவாங்க” என்றார் ஜீவானந்தன்.

திட்டு உடைந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கடைசிக் கல் பெயரும்வரை பார்த்தார். கடப்பாரை பிடித்தவனும் எங்கள் தோட்டத்துப் பையன்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கூத்து தொடங்கியது. ராய்ஸ்டன் ஜொகூரிலிருந்து போனில் படம் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். “வீல கழட்டுங்க டேடி. உள்ள வளையம் தெரியுதா? மெதுவா. வலது பக்கம் திருகுன அளவே இடது பக்கமும் திருகணும்.” காரை இறக்கி வைத்து அக்காவைப் பலகையில் நகர்த்தி உள்ளே உட்கார வைப்பார். பிறகு அக்கா உள்ளே இருக்கும்போதே ஜாக்கி போட்டு, முன்சக்கரம் ஒவ்வொன்றாகக் கழற்றி, வளையத்தைத் திருகி ஏற்றுவார். மேடுகளைத் தாண்டிப் போவார். தம்பினில் இரண்டு உதவியாளர்கள் இருந்ததால் அங்கே தூக்கி இறக்கிவிடுவார்கள். திரும்பி வந்தால் வீட்டு வாசலில் அக்கா இறங்குவதற்கு மறுபடியும் இறக்க வேண்டும்.

கார் ஒரு பக்கம் மேலே போகும்போது அக்கா மறுபக்கம் சாய்வார். கையில் ஜெபமாலை. ஒரு சக்கரத்துக்குப் பத்து ஜெபமணி என்று கணக்கு வைத்திருந்தார். “நீங்க மெதுவாவே திருகுங்க. எனக்கும் மோட்சத்துல கணக்கு ஏறுது” என்பார்.

சசிதரன் சொன்னபடியே ஆயிற்று. உயரம் ஏறி இறங்கியதில் அலைன்மெண்ட் அறவே போய்விட்டது. ஸ்டியரிங்கை வலது பக்கம் இழுத்துப் பிடித்தால்தான் கார் நேரே போனது. டயர்களின் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. “இது காரு இல்ல அங்கிள், நண்டு” என்றான் சசிதரன். “இப்படியே ஏத்தி எறக்குனா நான் எந்த ஒயரத்துக்கு நேராக்குறது, சொல்லுங்க?” விடியற்காலையிலேயே அண்ணன் ஸ்பானாவோடு உட்கார்ந்தாலும் போய்ச் சேருவதற்குத் தாமதமானது. நிலையத்தில் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அக்காவின் முகமும் மிச்சமிருந்த காலும் வீங்கத் தொடங்கின. பாட்டெடுத்துக் கொடுக்கும்போது நடுவில் மூச்சு வாங்கியது. கோயிலில் நாங்கள் பார்க்காதது போல இருந்தோம்.

ஆண்டுக் கூட்டத்தில் குழு ஹரோல்ட் அண்ணனுக்கு விருது கொடுத்தது. ‘சாலை ஒழுக்கச் செம்மல்.’

“காரை ஏற்றுங்கள் என்றோம், ஏற்றினார். எங்கள் கண்முன்னாலேயே இறக்கினார், மறுபடியும் ஏற்றினார்” என்று தலைவர் உருகினார். “ஏன் என்று ஒரு கேள்வி கேட்டதுண்டா? சில ஊர்களில் மக்களுக்கு வசதி செய்து கொடுத்துவிட்டு நல்ல பெயர் வாங்குகிறார்கள். அது சுலபம். வசதி எதுவும் செய்து கொடுக்காமலே ஒத்துழைப்பைப் பெறுவதுதான் தலைமைத்துவம்.”

பொன்னாடை போர்த்தினார்கள். அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கையில் மைக் வந்தது. “வணக்கம். அந்த போங்கோல கொஞ்சம்” என்று தொடங்கினார். நேரமின்மை காரணமாக மைக் திரும்ப வாங்கப்பட்டது.

பொன்னாடையைக் கொரெட்டி அக்கா வாங்கித் தடவிப் பார்த்தார். மடித்துப் பலகையின்மேல் போட்டு உட்கார்ந்தார். வழவழவென்று நகர்ந்து காருக்குள் போய்விட்டார். “பரவால்லலா. குழுவும் உருப்படியா ஒண்ணு குடுத்திருக்கு” என்றார். அன்றிலிருந்து அது பலகையிலேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த நேரம். அக்காவுக்கு மூச்சு திணறியது. படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. அண்ணன் காரை இறக்கித்தான் வைத்திருந்தார். பலகையில் நகர்த்தி உள்ளே ஏற்றினார். ஸ்பானாவை எடுத்தார். அக்கா வேண்டாமென்று தலையை ஆட்டினார். வளையத்தைத் திருகி முடிக்கும்வரை அந்த மூச்சு தாங்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அண்ணன் ஸ்பானாவைத் தரையில் போட்டுவிட்டுக் காரை எடுத்தார்.

முதல் மேட்டில் ஏதோ உடைந்தது. ஐந்தாவதில் புகைக்குழாய் கழன்று சாலையில் கிடந்தது. இடது கையை அக்காவின் முன்னால் நீட்டி ஒற்றைக் கையால், அந்த நண்டுக் காரை, ஆறு மேடுகளைத் தாண்டிக் கொண்டுபோனார். தலைவர் மேட்டில் கார் உட்கார்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். பிரமுகர் ஒருவர் வரப்போகிறார் என்று கனகசுந்தரம் தன் மேட்டுக்குப் புது மஞ்சள் அடிக்க ஆள் வைத்து, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் கிட்ட வந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அக்கா உள்ளே இருக்கக் காரைத் தூக்கினோம். தலைவரும் பிடித்தார். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பெயிண்டு அப்பியது. மைக் இல்லாமல் அவர் ஊருக்குச் செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா கண்ணாடியை இறக்கியிருந்தார். மூச்சைத் துண்டு துண்டாக இழுத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“பாத்து தலைவரே. போங்கோல் கீறிரப் போவுது.”

அக்கா பேசி நாங்கள் கடைசியாகக் கேட்டது அதுதான். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். நுரையீரலில் நீர், இதயம் தாங்கவில்லை என்றார்கள். போங்கோலால்தான் என்று யாரும் சொல்ல முடியாது. ஹரோல்ட் அண்ணனும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னாலே வந்திருந்தால் என்று ஒரு நர்ஸ் மட்டும் சொல்லத் தொடங்கி, அண்ணனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

சவ வண்டி உயரமானது. மேடுகளை எளிதாகத் தாண்டியது. ஆனால் ஒவ்வொன்றிலும் பெட்டி எகிறியது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையைப் பெட்டியின்மேல் அழுத்திக்கொண்டே போனார். ராய்ஸ்டன் வெளியே பார்த்துக்கொண்டு அழுதான். அழாத ஆள் அன்று தோட்டத்தில் யாரும் இல்லை. குழுவின் சார்பில் மலர் வளையம் வந்தது. அதில் ஏழு பேர் பெயர்களும் பதவி வரிசைப்படி இருந்தன.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த சில நாளில், வரப்போகும் பிரமுகரின் ஆட்கள் பாதையைப் பார்வையிட வந்தார்கள். எங்கள் தோட்டத்து நுழைவாயில் வளைவைத் திறந்து வைக்கத்தான் அவர் வருகிறார். அவருடைய கார் வெளிநாட்டுக் கார், நீளமானது, தரையோடு தரையாக ஓடுவது. அதன் டிரைவர் இறங்கி வந்து தலைவர் மேட்டைக் காலால் ஒரு தட்டு தட்டி, “இது இருந்தா எங்க கார் வராது” என்றார். ஒரே வாக்கியம். கட்டையும் தேவைப்படவில்லை, துணைக்குழுவும் தேவைப்படவில்லை. மறுநாள் இயந்திரம் வந்தது. மத்தியானத்துக்குள் உறுப்பினர் முதல் தலைவர்வரை ஏழு பேரும் சரிமட்டம் ஆனார்கள்.

மேடு கட்டியதற்கு விழா எடுத்தவர்கள் அகற்றியதற்கு எடுக்காமல் இருப்பார்களா? பிரமுகர் வருவதற்கு முந்தின வாரம் ‘தடையற்ற சாலைத் தொடக்க விழா’ என்று அறிவித்தார்கள். ‘மறைந்த சகோதரி மரியகொரெட்டி நினைவாக’ என்று பதாகையில் இருந்தது. முதல் வாகனம், சாலை ஒழுக்கச் செம்மல் ஹரோல்ட். அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அக்கா பெயரைப் போட்டுவிட்டார்களே என்றார்.

விழாவுக்கு முன்னால் காரைச் சசிதரனிடம் கொண்டுபோனார். அவன் உடைந்ததை மாற்றினான், டயர் மாற்றினான்.

“இனிமேட்டு எதுக்கு அங்கிள் இவ்ளோ கீழ? பழையபடி ஏத்திரட்டுமா?”

அண்ணன் காருக்குள் இருந்த பலகையைப் பார்த்தார். “வேணாம்பா. இந்த ஒயரத்துக்கே நேராக்கிக் குடு.”

சசிதரன் காரை இயந்திரத்தில் ஏற்றினான். வேலை முடிந்து வெளியே வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடிக்காமலே கார் நேராகப் போனது.

விழா நாளில் எல்லாரும் சாலையோரம் நின்றோம். தலைவர் மைக்கோடு பெரிய சாலைப் பக்கம், அவருடைய மேடு இருந்த இடத்தில் நின்றார். குடியிருப்புப் பக்கம் ரிப்பன் வெட்டினார்கள். அண்ணனின் கார் தாழ்ந்து, நேராக, சத்தமில்லாமல் வந்தது. பக்கத்து இருக்கையில் பலகை. அதன்மேல் பொன்னாடை.

கடைசி உறுப்பினரின் மேடு இருந்த இடம் வந்ததும் கார் வேகம் குறைந்தது. ஏறக்குறைய நின்றுவிட்டது. பிறகு நகர்ந்தது. அடுத்த மேடு இருந்த இடத்தில் மறுபடியும் பிரேக். தார் புதிதாகப் பூசியிருந்ததால் அந்த இடங்கள் கறுப்பாகத் தெரிந்தன. ஒன்றைக்கூட அவர் விடவில்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் நின்ற பக்கத்திலிருந்து காருக்குள் தெரிந்தது.

தலைவர் மேடு இருந்த இடத்தில் கார் முழுதாக நின்றது. கனகசுந்தரத்தின் குரல் தழுதழுத்தது. அது நிஜமான தழுதழுப்புதான்.

“பாருங்கள், சபையோரே. மேடு இல்லை. ஆனாலும் நிறுத்துகிறார். மேட்டைத் தரையிலிருந்துதான் எடுத்தோம், அவர் மனசிலே அது நிற்கிறது. நம் குழுவின் சேவைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?”

எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே ஹரோல்ட் அண்ணன் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இடது கை குறுக்கே நீண்டு, அந்தக் காலி இருக்கைக்கு முன்னால் நின்றது. கைதட்டல் ஓய்ந்தும் அது இறங்கவில்லை. எடுங்க என்று சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை.